குழாய் சொட்டுது, கேஸ் போச்சு!

பிளம்பர், "பத்து நிமிஷத்துல வந்துடறேன் சார்" என்கிறாரே... எந்த ஊர் கடிகாரம் அது?

இன்னொரு வீட்டு சிங்க் அடியில் படுத்தபடி போன் பேசுகிறவரின் கடிகாரம்! பைப்பைக் கழற்றிய பிறகுதானே அங்கே உண்மையான வேலை தெரியும்? உங்கள் குழாயில் நொடிக்கு ஒரு சொட்டு என்றாலும் நாளுக்கு 86,400 சொட்டு. அவர் வரும்வரை ஒரு குடத்தை வையுங்கள்.

ஏசி சர்வீஸுக்கு வந்தவர் வருடா வருடம் "கேஸ் தீர்ந்துபோச்சு" என்கிறார். எங்கேதான் போகிறது?

அதையே அவரிடம் கேளுங்கள்! ஓட ஓடத் தீர அது என்ன பெட்ரோலா? மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் அர்த்தம். கசிவை அடைக்காமல் நிரப்பினால் அடுத்த கோடையிலும் அவருக்கு உங்கள் வீட்டு வழி மறக்காது. நல்ல மெக்கானிக் முதலில் கசிவைத்தான் தேடுவார். அப்படி ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள், அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். வேலை சரியில்லையா? பில்லைக் கையில் வைத்துக்கொண்டு 1915-க்கு போன் போடுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண். காசு கொடுத்துப் பெறும் சேவைக்கும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது.

ஆர்.சி.சி.பி. அடிக்கடி டிரிப் ஆகிறது. எலெக்ட்ரீஷியன் "எடுத்துடலாம்" என்கிறார். எடுக்கலாமா?

நாய் குரைக்கிறது என்று நாயை விற்பீர்களா, வாசலில் யார் என்று பார்ப்பீர்களா? ஆர்.சி.சி.பி. மின்கசிவுக்குக் காவல் நிற்கும் கருவி; வீட்டில் பொருத்துவது 30 மில்லியாம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை வெட்டிவிடும். கீசர், மோட்டார் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அரை நாள் கூலி ஆகட்டும், வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.