இலையா, பூவா?

கேள்வி: கலிபோர்னியாவில் சட்டங்களுக்கே மக்கள் ஓட்டுப் போடுகிறார்களாம். சாதக பாதகம் அச்சிட்ட கையேடும் வீடு தேடி வருமாம். நமக்கு?
– ஷிப்ட் முடிந்த வாசகர், இருங்காட்டுக்கோட்டை

பதில்: 2016-இல் அங்கே வந்த கையேடு 224 பக்கம், 17 கேள்வி. ஒரு வார நைட் ஷிப்ட் போதாது!

நம் நாட்டிலும் 1967 ஜனவரி 16 அன்று கோவா மக்களிடம் கேட்டார்கள்: மகாராஷ்டிரத்தோடு சேர்வதா, யூனியன் பிரதேசமாகவே இருப்பதா? எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கும் புரியட்டும் என்று இரண்டே சின்னங்கள். பூ என்றால் சேரலாம். இரட்டை இலை என்றால் தனியே இருக்கலாம். இலை 34,021 ஓட்டில் ஜெயித்தது. (அ.தி.மு.க. பிறக்க இன்னும் ஐந்து வருஷம் இருந்தது. யாரும் சொந்தம் கொண்டாட வேண்டாம்.)

உங்களுக்குக் கிடைப்பது கிராம சபை. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் உறுப்பினர். மே 1, ஆகஸ்ட் 15-இல் கூடும், கம்பெனியும் லீவு. ஓட்டு சொந்த ஊரில், வாடகை இங்கே என்றால் வேடிக்கைதான் பார்க்கலாம்.

தீர்மானம் போட்டால் நடந்துவிடுமா? உங்கள் மாவட்டத்து ஏகனாபுரத்தில் விசாரியுங்கள். பரந்தூர் விமான நிலையம் வேண்டாமென்று தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டவர்கள். இருந்தாலும் போங்கள். தீர்மானத்தை வாசிக்காமல் நோட்டை நீட்டினால் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.