ஓடுகாலி கோலி

கால்பந்து மைதானத்தில் இருபத்திரண்டு பேர். அதில் இருபது பேர் ஓடுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள். மிச்சம் இரண்டு பேரை மட்டும் 'நீ இங்கேயே நில்லப்பா' என்று இரண்டு கம்பத்துக்கு நடுவே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அப்படி நிற்கச் சொல்லப்பட்ட ஒருவர்தான் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்.

பெயர் லுட்ஸ் ஃபானன்ஷ்டீல். ஜெர்மன் மொழியில் 'வாணலிப் பிடி' என்று அர்த்தம். 1973-இல், இன்றைய செக் எல்லைக்குப் பக்கத்தில், பவேரியக் காட்டுக்குள் இருக்கும் ஸ்வீசலில் பிறந்தார். கண்ணாடித் தொழிலுக்குப் பேர்போன ஊர். கை தவறினால் என்ன ஆகும் என்று அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டாம். கோல்கீப்பர் பிறக்கத் தோதான இடம்தான்.

பையன் கெட்டிக்காரன். ஜெர்மனியின் இளையோர் அணி வரை போனான். பேயர்ன் மியூனிக் கூப்பிட்டது, ஆனால் அமெச்சூர் அணிக்கு. பவேரியாவில் பிறந்தவனுக்கு பேயர்ன் அழைப்பு என்றால், நம் வீட்டில் கலெக்டர் ஆபீஸ் ஆர்டர் வந்த மாதிரி. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 1993-இல் மலேசியாவின் பினாங்குக்கு விமானம் ஏறினான். நாசி கண்டார் சாப்பிடப் போனான் என்றால்கூட எனக்குப் புரியும். இவனோ கோல் கம்பத்துக்கு நடுவே நிற்கப் போனான். பெரிய கிளப்பில் காத்திருப்பதைவிட எங்கோ ஒரு ஊரில் ஆடுவது மேல் என்பது கணக்கு.

கணக்கு கொஞ்சம் பிசகியது. அடுத்து இங்கிலாந்தில் விம்பிள்டன், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் என்று பெரிய பெயர்கள் வந்தன. இரண்டு இடத்திலும் முதல் அணிக்கு ஒரு லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. பிறகு பின்லாந்து, தென்னாப்பிரிக்காவின் ஆர்லாண்டோ பைரேட்ஸ் என்று பெட்டி கட்டுவதும் அவிழ்ப்பதுமாக ஓடியது. மொத்தம் இருபத்தைந்து கிளப் வரை எண்ணுகிறார்கள். சிலர் தபால்தலை சேர்ப்பார்கள், இவர் ஜெர்சி சேர்த்தார்.

வாணலிக்குத் தப்பி அடுப்பில் விழுவது என்பார்களே, அந்த அடுப்பு சிங்கப்பூரில் இருந்தது. கேலாங் யுனைடெட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தபோது, ஆட்டத்தை விலைபேசினார் என்று வழக்கு. அவர் சொல்வது வேறு: யாரோ ஒருவன் வந்து இன்றைக்கு ஆட்டம் எப்படி என்று கேட்டான், ஜெயிப்போம் என்றேன், அவ்வளவுதான் என்கிறார். தோற்றுத் தருகிறேன் என்று சொல்லி மாட்டிய ஆட்டக்காரர்களை நமக்குத் தெரியும். ஜெயிப்பேன் என்று சொல்லி உள்ளே போனதாகச் சொல்லும் ஆள் இவர்தான். கோர்ட்டு நம்பவில்லை. 2001-இல் 101 நாள் சிறைவாசம், சிமெண்ட் தரையில் படுக்கை. தான் நிரபராதி என்று இன்று வரை சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரே இடத்தில் அசையாமல் இருக்க வேண்டும் என்று கோல்கீப்பர் வேலையின் விதி சொன்னதை, கடைசியில் சிறைக்கூடம்தான் அமல்படுத்தியது.

வெளியே வந்ததும் உலக வரைபடத்தின் அடிமூலைக்கு, நியூசிலாந்தின் டனீடனுக்கு, போய்ச் சேர்ந்தார். அந்தப் பக்கத்துக் கடற்கரையில் பென்குயின்கள் சகஜம். வெளியூர்க்காரர்கள் படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். நம்மவர் ஒன்றைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார்! குளியல் தொட்டியில் தண்ணீர், அதில் ஐஸ், அதற்குள் பென்குயின். வளர்ப்பதாக உத்தேசம். கிளப் தலைவருக்கு விஷயம் தெரிந்தது. பாதுகாக்கப்பட்ட உயிரினம், போலீசுக்குத் தெரிந்தால் நாடு கடத்திவிடுவார்கள் என்று அவர் தலையில் அடித்துக்கொள்ள, விருந்தாளி வந்த வழியே கடலுக்குத் திரும்பியது. நூறு நாளுக்கு மேல் பூட்டிய அறையில் இருந்துவிட்டு வந்த மனிதர், இன்னோர் உயிரைக் குளியலறையில் பூட்டினாரே என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பென்குயினுக்கு மட்டும் அந்தக் கேள்வி தோன்றியிருக்கும்.

2002, டிசம்பர் 26. இங்கிலாந்தில் பிராட்ஃபோர்ட் பார்க் அவென்யூ என்ற சின்ன கிளப், எதிரே ஹாரோகேட் டவுன். பந்தைப் பிடிக்கப் பாய்ந்தவரின் நெஞ்சில் எதிரணி ஃபார்வர்டின் முழங்கால் இறங்கியது. மூச்சு நின்றது. கிளப்பின் பிசியோதெரபிஸ்ட் வாயோடு வாய் வைத்து ஊத, திரும்பியது. மறுபடி நின்றது. மறுபடி ஊதினார். மூன்றாம் முறையும் நின்றது. எமனுக்கே சலித்திருக்க வேண்டும். கழுத்தில் கயிறு போடுவதும் எடுப்பதுமாக எத்தனை தடவை? ஆட்டம் கைவிடப்பட்டது. ஆஸ்பத்திரியில் கண்விழித்தவருக்கு வந்தது நன்றி அல்ல, கோபம். நன்றாக ஆடிக்கொண்டிருந்தவனை ஏன் வெளியே எடுத்தீர்கள் என்று சத்தம் போட்டாராம். அந்த பிசியோதெரபிஸ்ட் இடத்தில் நானாக இருந்தால், நாலாவது தடவை யோசித்திருப்பேன்.

அப்புறம் நார்வே, கனடா, அல்பேனியா. 2008-இல் பிரேசிலின் ஹெர்மான் ஐசிங்கர் என்ற சின்ன கிளப். அதோடு ஃபிஃபாவின் ஆறு கண்டவாரிக் கூட்டமைப்புகளிலும் தொழில்முறை ஆட்டக்காரராக ஆடிய முதல் ஆள் என்ற பெயர் கிடைத்தது. பெலேவுக்கும் மரடோனாவுக்கும் கிடைக்காத பெருமை. அவர்களை நல்ல கிளப்புகள் பிடித்து வைத்துக்கொண்டன, பாவம்.

அதற்குப் பிறகு மனிதர் பருவநிலை மாற்றத்தைப் பற்றி ஊருக்குச் சொல்ல, குளோபல் யுனைடெட் என்று முன்னாள் ஆட்டக்காரர்களின் அணி ஒன்றைத் தொடங்கினார். விமானப் புகை பற்றிப் பேச இவரைவிட அனுபவசாலி யார்?

பிறகு ஜெர்மனியின் ஹோஃபன்ஹைம் கிளப்பில் புது ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடிக்கும் வேலை. 2018-இல் ஃபார்ச்சூனா டுசெல்டார்ஃபின் விளையாட்டு இயக்குநர். அப்போது அந்த அணி ஜெர்மனியின் முதல்நிலை லீகான புந்தஸ்லிகாவில் இருந்தது. அந்த லீகில் ஒரு நிமிடம்கூட ஆடாதவர், அதில் யார் ஆடலாம் என்று முடிவுசெய்யும் நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்து அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் சிட்டி. அவர் திரட்டிய அணி 2023-இல் முதல் சீசனிலேயே அமெரிக்க லீகின் மேற்குப் பிரிவில் முதலிடம் பிடித்தது.

2025-இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் அழைத்தது, போனார். அதுவும் கடலோர ஊர்தான். நல்லவேளை, அந்தக் கடலில் பென்குயின் கிடையாது.