கால் எச்.பி. காலுக்கு ஒரு மீட்டரு

காலு ரெண்டு, சைக்கிளு நாலு. இப்ப நாலுக்கும் பவர் மீட்டர் மாட்டோணும்னு வந்து நிக்கற. நல்லாருக்கு கண்ணு. சைக்கிள் நிக்கற அறையில ஏசி போட்டுட்டு இந்த அப்புச்சியத் திண்ணையில படுக்க வெச்ச ஊடுதானே இது. வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா ரோசத்துல அஞ்சாவது வண்டி வாங்கிருவ.

மொதல்ல ஒரு கணக்கு. வாட்டு, வாட்டுனு ஊரெல்லாம் அலும்பு பண்றயே, நம்ம தோட்டத்துக் கெணத்து மோட்டாரு அஞ்சு எச்.பி. ஒரு எச்.பி.ங்கறது 746 வாட்டு. ஒரு மணி நேரம் உசுரக் குடுத்து மிதிச்சா உனக்கு 250 வருது. அது எச்.பி.யில மூணுல ஒரு பங்கு. மூணு மணி நேரம் போனயின்னா கால் எச்.பி.க்கு எறங்கிருது. உன்னாட்டம் இருவது பேரு வரிசையா நின்னு மிதிச்சா நம்ம வாழைக்குத் தண்ணி பாயும். ஆனா மோட்டாருக்குக் கரண்டு இலவசம். உங்க இருவது பேருக்கும் விடியக்காலம் பாதாம்பாலும் புரோட்டீன் பவுடரும் குடுத்தா எனக்குக் கட்டுபடியாகாது.

அதுக்காக மீட்டரே தண்டம்னு நெனைக்காத. ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கறப்ப நீ பல்லடத்துப் பக்கம் போனா வேகமானி நாப்பதக் காட்டும். திரும்பி வாரப்ப அதே காலு, அதே மிதி, இருவத்தஞ்சைத் தாண்டாது. போனவன் வீரனா, வந்தவன் சோம்பேறியா? நெஞ்சுல கட்டற பட்டை பொய் சொல்லாது. ஆனா லேட்டாச் சொல்லும். ஏத்தத்துல நீ முறுக்கி ரெண்டு வளைவு தாண்டின பொறவுதான் துடிப்பு ஏறும். ராத்திரி தூக்கங்கெட்டாலும், யாரோ போன் எடுக்கலைன்னாலும் அதுவும் ஏறும். பெடல்ல உழுகற பலத்த அந்த நிமிசமே சொல்றது மீட்டரு ஒண்ணுதான். ஜெர்மன்காரரு உல்ரிச் ஷோபெரர் 1986லயே இதைச் செஞ்சுட்டாரு, எஸ்.ஆர்.எம்.னு பேரு. மூணு தடவை பிரான்சு டூர் ஜெயிச்ச கிரெக் லெமாண்டு அதை மொதமொதல்ல மாட்டிக்கிட்டவங்கள்ல ஒருத்தரு. நாங்க அப்ப மணிக்கு இவ்வளவுன்னு வாடகை சைக்கிள் உட்டுட்டிருந்தோம். எவன் எத்தனை வாட்டு மிதிச்சான்னு கேக்கறதுக்கு எங்களுக்கு நேரமில்ல. வண்டி திரும்பி வருமாங்கறதுதான் கவலை.

உள்ள மந்திரமெல்லாம் ஒண்ணுமில்ல. நீ மிதிக்கறப்ப உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையுது. அந்த எடத்துல ஒட்டியிருக்கற ஸ்ட்ரெயின் கேஜ் வளைவுக்குத் தக்கன தன்னோட மின்தடைய மாத்திக்குது. அதுல இருந்து முறுக்கு விசை. அதை நீ கால் சுத்தற வேகத்தோட பெருக்குனா வாட்டு. அம்புட்டுத்தான். எங்க ஒட்டறாங்கறதுலதான் ஏவாரமே இருக்கு.

பின்சக்கர ஹப்புல ஒட்டுனான் பவர்டாப்புக்காரன். சக்கரத்தக் கழட்டி வேற வண்டியில மாட்டுனா மீட்டரும் கூடவே போகும், நல்ல யோசனைதான். ஆனா உன்ற வண்டியில ஒண்ணு ரிம் பிரேக்கு, ஒண்ணு டிஸ்கு. ஒண்ணுக்கு 130 மில்லி அகல ஹப்பு, ஒண்ணுக்கு 142. டைம் ட்ரையல் அன்னிக்கு மூடுன சக்கரம் வேற மாட்டுவ. பழகறதெல்லாம் மீட்டரு வெச்ச சக்கரத்துல, ரேஸ் அன்னிக்கு மீட்டரு ஊட்ல தூங்கும்.

அப்பறம் ஸ்பைடரு. செயின் வீல்லயிருந்து கிராங்குக்கு நீட்டிட்டிருக்குதே கை, அதுக்குள்ள. எஸ்.ஆர்.எம்., குவார்க், பவர்டூமேக்ஸ் எல்லாம் இந்த ஜாதி. ரெண்டு காலு பலத்தையும் சேத்து வாங்கும், சத்தமில்லாம வருசக்கணக்கா ஓடும். ஒரே ஒரு வண்டி வெச்சிருக்கறவனுக்கு இதவிட நல்லது நான் சொல்ல மாட்டேன். ஆனா நீ நாலு வெச்சிருக்கற. வாராவாரம் கிராங்கு செட்டையே உருவி இன்னொரு வண்டிக்கு மாத்தோணும்.

அங்கதான் கிராங்கு அச்சத் தாங்கற பி.பி. கப்புங்கற பெரிய அக்கப்போரு வரும். எங்க காலத்துல கப்புன்னா ஒரே கப்பு, ஒரே மரை. இப்ப உன்ற ஒரு வண்டியில பி.எஸ்.ஏ. மரை, கூடு 68 மில்லி அகலம். இன்னொண்ணுல மரையே இல்ல, பிரஸ்-ஃபிட்டு, 86.5. டைம் ட்ரையலுக்கு வெச்சிருக்கற டிடி வண்டியில வேற என்னத்தையோ அமுக்கி வெச்சிருக்கறான். ஷிமானோ அச்சு 24 மில்லி, பிபி30 அச்சு 30 மில்லி, ஸ்ராம் டப்பு 28.99. ஏன் சாமி, 29னு வெச்சா ஊரு சிரிக்குமா? இத்தனையிலயும் மானத்தோட நிக்கறது அந்தப் பழைய பி.எஸ்.ஏ. மரைதான். பி.எஸ்.ஏ.ன்னா நீங்கெல்லாம் அம்பத்தூர் டி.ஐ. கம்பெனி சைக்கிளுன்னு நெனைப்பீங்க. மூலம் பர்மிங்காமுல துப்பாக்கி செஞ்ச கம்பெனி. துப்பாக்கிக்காரன் போட்ட மரை, அதான் இன்னும் கழலாம இருக்குது.

மூணாவது, இடது கிராங்கு மட்டும். 2012ல ஸ்டேஜஸ் கம்பெனி கொண்டாந்தது. வெல கொறைச்சலு. டீம் ஸ்கை பசங்களே சில வருசம் அதத்தான் மாட்டியிருந்தாங்க. கிறிஸ் ஃப்ரூம் தலையக் குனிஞ்சு அந்தத் திரையையே பாத்துட்டுப் போவானே, அந்தக் காலம். மாட்டறதுக்கு முன்ன கிராங்குக்கும் சட்டத்துக்கும் நடுவால எடம் இருக்குதான்னு ஒருக்கா அளந்துக்கோணும். ஒட்டியிருக்கற பொட்டி சில சட்டத்துல உரசும். அதுகூடப் பரவாயில்ல. அது இடது கால மட்டும் அளந்து ரெண்டால பெருக்குது பாரு, அதுலதான் வெனையே. உண்மையில நீ மிதிக்கறது 250, அதுல இடது காலு 52 பங்குன்னா திரை 260 காட்டும். 48 பங்குன்னா 240. களைச்ச பொறவு இந்தப் பங்கே மாறும். கால் வலிச்சு வலது பக்கமா ஒதுங்கி மிதிச்சா உன்ற பலம் கொறைஞ்சாப்புல காட்டும். கொறைஞ்சது மீட்டரோட பார்வை.

நாலு வண்டிக்கு நாலு விதமா மாட்டப் போறேங்கற. ஒண்ணுல ஸ்பைடரு, ஒண்ணுல இடது கிராங்கு, பழைய வண்டியில கெடச்ச வெலைக்கு ஒண்ணு. நம்மூர்ல ரெண்டு பால் சொசைட்டி இருந்தப்ப எங்க டிகிரி அதிகமாக் காட்டுச்சோ அங்கதான் அத்தன கேனும் போச்சு. மாடு அதே மாடு, பாலும் அதே பாலு. நீயும் அதையேதான் செய்வ. 260 காட்டற வண்டிய எடுத்துட்டுப் போயி மருதமலை ஏறுவ, ஸ்ட்ராவாவுல போடுவ, உன்ற எஃப்.டி.பி., அதான் அந்த ஒரு மணி நேர வாட்டு, ஏறிருச்சும்ப. ஒரு வாரங்கழிச்சு 240 காட்டற வண்டியில கோத்தகிரி ஏறிட்டு, சளி புடிச்சிருச்சு, சோறு சரியில்ல, அம்மா சமையல்ல எண்ணெய் சாஸ்தின்னு பழி போடுவ. ஒவ்வொரு மீட்டரும் தனக்குத்தானே ஒழுங்காத்தான் இருக்கும். ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகோணும்னு அதுகளுக்கு ஒண்ணும் சட்டமில்ல.

டூர் ஓட்டற பசங்க எல்லா வண்டியிலயும் மாட்டியிருக்கறாங்களேன்னு கேப்ப. மாட்டியிருக்கறான், எல்லாத்துலயும் ஒரே கம்பெனி, ஒரே மாடலு. அவனுக்குக் கம்பெனி குடுக்குது. உனக்குக் குடுக்கறது உங்கொப்பன்.

அதனால நாஞ்சொல்றது பெடலு. வண்டி நாலானாலும் மிதிக்கற காலு ஒரே ஜோடி. மீட்டரு காலோட போகட்டும். கார்மின்ல ராலின்னு ஒண்ணு இருக்குது. இத்தாலியில ஃபவேரோனு ஒரு கம்பெனி, வாள்சண்டைப் போட்டிக்குப் புள்ளி காட்டற மெஷினு செஞ்சுட்டிருந்தவங்க, அசியோமான்னு பெடலு போட்டாங்க. ரெண்டு பக்கமும் அளக்கறதாப் பாத்து வாங்கு. கப்பு என்ன, அச்சு என்னன்னு ஒரு கேள்வியும் இல்ல. பெடல் மரை உலகம் பூரா இந்த மாதிரி வண்டிக்கெல்லாம் ஒண்ணுதான், 9/16 அங்குலம். கேக்க வேண்டியது உன்ற ஷூவுக்கடியில என்ன கிளீட்டுன்னு. லுக் கியோவா, ஷிமானோ எஸ்.பி.டி.-எஸ்.எல்.லா, மண்ணு ரோட்டுக்கான சின்ன எஸ்.பி.டி.யா. ஒரு வண்டிக்கு ஒரு கிளீட்டுன்னு வெச்சிருந்தயின்னா மொதல்ல அந்த அலங்கோலத்த நிறுத்து.

பெடல்லயும் கொறை இருக்குது. வளைவுல உழுந்தா மொதல்ல தரையத் தேய்க்கறது அதுதான். உள்ள இருக்கற பால்ரசு தேயும். சிலதுல கால் ஒரு கொஞ்சம் வெளிய தள்ளி நிக்கும், முட்டி முணுமுணுக்கும்.

இதவிட முக்கியம், எவனும் உனக்குச் சொல்லாதது கிராங்கு நீளம். பெடலு அளக்கறது பாதம் அழுத்தற விசைய. அதை முறுக்கு விசையாக்கக் கிராங்கு எத்தன மில்லின்னு அதுக்கு நீதான் சொல்லோணும். ரேஸ் வண்டியில 172.5. டிடியில குனிஞ்சு படுக்கறதுக்காக 165 போட்டிருக்கற. பெடல மாத்திப்போட்டு நீளத்த மாத்தாம உட்டா மீட்டரு நாலரை சதவீதம் கூட்டிச் சொல்லும். 240 மிதிச்சா 251. பதினோரு வாட்டு சும்மா வந்துரும். டிடி வண்டியில எனக்குப் பலம் ஏறுதப்பாங்கறானுங்களே, அதுல பாதிப் பேரு பலம் இந்த ஏழரை மில்லியில ஒளிஞ்சிருக்குது. ஏழரைன்னாலே வில்லங்கம்தான். ஆப்புலயோ ஹேண்டில்ல இருக்கற கம்ப்யூட்டர்லயோ வண்டிக்கு வண்டி நீளத்த மாத்து. மறக்கற ஆளுன்னா பெடலு மாட்டற வண்டிக்கெல்லாம் ஒரே நீளக் கிராங்கு போட்டுரு, அது இன்னும் உத்தமம்.

மாட்டறப்ப என்ற கடையில கத்துக்கிட்ட பையனாட்டம் மாட்டோணும். மரையத் தொடைச்சுக் கிரீசு தடவு. வலது பெடலு வழக்கமான மரை, இடது பெடலு எதிர் மரை. இது தெரியாம பலத்தக் காட்டி அலுமினியக் கிராங்கு மரையக் கெடுத்தவனுக மரை கழண்டவனுகதான். மொத நாலஞ்சு சுத்து வெரல்லயே போகோணும். பல பெடலுக்கு ஸ்பேனர் புடிக்க எடமே இருக்காது, உள்பக்கமா 8 மில்லி ஆலன் கீதான். எவ்வளவு முறுக்கோணும்னு கம்பெனி எழுதியிருப்பான். டார்க் ரெஞ்சுல வெச்சு முறுக்கு. அச்சோட அடியில வீங்குன பொட்டி இருக்கற மாடல்ல, பொட்டி கிராங்கத் தொடுதா, செயின் பெரிய வட்டத்துல இருக்கறப்ப உரசுதான்னு பாரு. உரசுனா வாஷர் ஒண்ணு போட்டா சரியாப்போகும். அப்பறம் நாலு தடவை எழுந்து நின்னு ஓங்கி மிதி, அச்சு ஒக்காரட்டும்.

கிராங்குலதான் மாட்டுவேன்னு அடம் புடிச்சா, ஷிமானோ இடது கையில ரெண்டு போல்ட்டு, மாத்தி மாத்தி 12லயிருந்து 14 நியூட்டன் மீட்டர் வரைக்கும். அதுக்கு முன்ன ஓரத்துல இருக்கற பிளாஸ்டிக் மூடிய வெரலளவுக்கு முறுக்குனாப் போதும். அது பால்ரச ஒக்கார வெக்கறதுக்கு, உன்ற பலத்தச் சோதிக்கறதுக்கில்ல. பழசு வாங்கப் போறயின்னா இன்னொண்ணு. 2012க்கும் 2019க்கும் நடுவால செஞ்ச ஷிமானோவோட 11 ஸ்பீடு அல்டெக்ரா, டூரா-ஏஸ் கிராங்கு சிலதுல, ரெண்டு பாதியச் சேத்து ஒட்டுன பசை உட்டுப்போச்சு. 2023ல வட அமெரிக்காவுல மட்டும் 7,60,000 கிராங்கச் சோதனைக்குக் கூப்புட்டாங்க. அந்தக் கிராங்குல மீட்டர் வெச்சு வித்ததும் அதுல சேத்தி. அரை வெலைக்கு ஒருத்தன் நீட்டறான்னா, மீட்டருக்கு முன்ன கிராங்குல விரிசல் இருக்கான்னு பாரு.

ஒவ்வொரு நாளும் கெளம்பறதுக்கு முன்ன மீட்டர ஜீரோ பண்ணு, கால எடுத்துட்டு. ஏசி அறையில பண்ணாத. வெளிய நிறுத்தி வெய்யிலுக்கும் காத்துக்கும் பழகட்டும், அப்பறம் பண்ணு. சூட்டுல உலோகம் தன் கொணத்த மாத்தும். நெறைய மீட்டரு தானாச் சரிபண்ணிக்கும், இருந்தாலும் பண்ணு. மீட்டரு மேல சந்தேகம் வந்தா படிக்கல்லு இருக்குது. சில மீட்டர்ல முறுக்கு விசையே நேராத் தெரியும். பிரேக்க இறுக்கிக் கிராங்கப் படுக்கையா நிறுத்தி, பெடல்ல 20 கிலோ தொங்க உடு. 172.5 கிராங்குல 34 நியூட்டன் மீட்டருக்கு ஒட்டிக் காட்டோணும். காட்டலையின்னா சளியும் இல்ல, சோறும் இல்ல, மீட்டருதான்.

மழைக்கு வெச்சிருக்கயே பழைய வண்டி, அதுல ஒண்ணும் மாட்டாத. ஒரு வண்டியிலாவது அக்கம்பக்கம் பாத்துட்டுப் போ. ஊட்டுக்குள்ள வண்டிய ட்ரெய்னர்ல மாட்டி மிதிக்கறப்ப அந்த ட்ரெய்னரும் தனியா ஒரு வாட்டு சொல்லும். செயினுக்கு அக்கட்டால அளக்கறதால ரெண்டு மூணு சதவீதம் கொறச்சுத்தான் சொல்லும். அதைப் பெடலு சொல்றபடி கேக்க வெச்சுரு.

கழட்டுன பெடல வீசிராத, மத்த வண்டிக்கு வேணும். ஊட்ல யாருக்கும் வித்தியாசம் தெரியாது, பெடலு பெடலாட்டமேதான் இருக்கும். உங்கம்மா கேட்டா, பெடலு மாத்துனேன்னு சொல்லு, அதுல பொய்யொண்ணும் இல்ல. வெல கேட்டா மட்டும் அப்புச்சியக் கேளுன்னு கை காட்டிராத. பள்ளிக்கோடம் உட்டு வந்து என்ற கடையில வாடகைக் கணக்குநோட்டு எழுதுனவ அவ. எந்தச் சாமான் என்ன வெலைக்குப் போகும்னு எனக்கே சொல்லித் தந்தவ.