ஐந்தாம் காற்று: முகமூடித் துவாரக் காற்றியல் குறித்து ஓர் ஆய்வு

நுதலிய பொருள்

தமிழர் காற்றை நான்காக வகுத்தனர். தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. இந்நான்கினுள் அடங்காத ஐந்தாம் காற்று ஒன்று இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களின் லயங்களில், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளில், இரவில் மட்டும் வீசுகிறது. கணவரின் மூக்கருகே பிறந்து மனைவியின் காதில் முடியும் அக்காற்றை ஆராய்வதே இக்கட்டுரை.

தோற்றம்

அஃது எங்ஙனம் பிறக்கும் எனின், கூறுதும். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுவழி அடைபடுவோருக்கு 'சீபாப்' மெசின் கொடுக்கிறார்கள். அவுஸ்திரேலிய மருத்துவர் கொலின் சலிவன் 1981இல் லான்செட் இதழில் வெளியிட்ட வைத்தியம் இது. மெசின் 4 முதல் 20 சென்ரிமீற்றர் நீரழுத்தத்தில் காற்றை ஊதி, தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். காற்று வருவதற்குக் குழாய் உண்டு. விடும் மூச்சு வெளியேறத் தனிக் குழாய் இல்லை. ஆகவே முகமூடியிலேயே பொடித் துவாரங்கள் இட்டார்கள். அழுத்தத்துக்கேற்ப நிமிடத்துக்குச் சுமார் 20 முதல் 50 லீட்டர் காற்று அவ்வழியே விடியும்வரை பாயும்.

களம்

அட்டன் சுமார் 1,270 மீற்றர் உயரத்திலும் நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும் இருக்கின்றன. தை மாசி இரவுகளில் நுவரெலியாவில் தேயிலைக் கொழுந்தே பனியில் கருகுவதுண்டு. லயத்துக் காம்பரா, அதாவது அறை, பத்தடிக்குப் பன்னிரண்டடி. பழைய லயங்கள் பலவற்றில் இடைச்சுவர் கூரையைத் தொடாது. ஆகவே ஒரு காம்பராவின் குறட்டை லயம் முழுவதற்கும் பொதுச்சொத்து. மெசின் வந்ததும் குறட்டை அடங்கி லயத்துக்கு நிம்மதி, பக்கத்தில் படுப்பவருக்குப் பனிக்காற்று. களத்தில் கேட்டு எழுதிய உரையாடல் இது:

"என்னாங்க, ஒங்க மிசினு காத்து காதுக்குள்ள பூருது!"

"அந்தப் பக்கமா திரும்பிப் படு புள்ள."

"அந்தப் பக்கம் சொவரு. அதுல பட்டு முதுகுக்கு வருது."

எதிரொலி உண்டெனில் எதிர்க்காற்றும் உண்டு என்பது இதனாற் பெறப்படும்.

கொள்கைகள்

முதலாவது அடைப்புவாதம். துவாரங்களின் மேல் பிளாஸ்டர் ஒட்டிவிடு என்பர். இது பிழை. விட்ட மூச்சின் கரியமில வாயு வெளியேறும் வழி அதுவே. அடைத்தால் விட்டதையே திரும்ப இழுக்க நேரும்.

இரண்டாவது கம்பளிவாதம். கம்பளியைத் தலைவரை இழுத்து மூடு என்பர். இதுவும் பிழை. துவாரத்தின் வாயில் துணி கிடந்தால், வெளியேறிய காற்று போர்வைக்குள்ளேயே தங்கும். கம்பளி கழுத்துக்குக் கீழே இருக்கட்டும். இருவருக்கும் நடுவே ஒரு தலையணையை மதிலாக நிறுத்தலாம். அது முகமூடியை ஒட்டாமல் சற்றுத் தள்ளி நிற்க வேண்டும்.

மூன்றாவது திருப்புவாதம். இதுவே இவ்வாய்வின் துணிபு. பல முகமூடிகளில் துவாரங்கள் குழாய் பொருந்தும் வளைவிலேயே உள்ளன. அவ்வளைவைத் திருப்பினால் காற்றும் திரும்பும். எவ்வளவு திருப்புவது? நல்ல குளிரில் டோர்ச் அடித்துப் பார்த்தால், துவாரங்களிலிருந்து வெண்புகை மெல்லிய கீற்றுகளாகக் கிளம்புவது தெரியும். அக்கீற்று காதைத் தாண்டி மேலே போகும்வரை திருப்புக. புகை தெரியாத இரவில் புறங்கையை நீட்டிப் பார்த்தாலே போதும். வளைவில் துவாரம் இல்லாத முகமூடியாயின், படுக்கும் பக்கத்தை இருவரும் மாற்றிக்கொள்க. புதிதாக வாங்குவோர், காற்றைக் கீற்றாக விடாமல் வலைவழியே பரப்பும் வகையைக் கேட்டு வாங்கலாம்.

தடையும் விடையும்

கண்ணில் காற்று அடிக்கிறதே, அதுவும் ஐந்தாம் காற்றோ எனின், அன்று. அது கசிவு. முகமூடி மூக்குத்தண்டில் சரியாகப் பொருந்தாததால் வருவது. வாரைச் சரிசெய்தோ அளவு மாற்றியோ அதை நிறுத்தலாம், நிறுத்தவும் வேண்டும்.

குழாயில் களகளவென நீர் ஓடுகிறதே எனின், மெசினில் உள்ள ஈரமூட்டியின் வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த குழாயில் நீராகிறது. குழாயைக் கம்பளிக்குள் விட்டு, மெசினைத் தலைமட்டத்துக்குக் கீழே வைத்தால் நீர் முகத்துக்கு வராது.

அழுத்தத்தைக் குறைத்தால் காற்றும் குறையுமே எனின், குறையும். மூச்சு மறுபடி அடைபடவும் கூடும். அதைக் கிளினிக்கில் கேட்டே செய்க.

ஒப்பீடு

1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டதிலிருந்து இம்மலைகளில் காற்று ஒரு சாத்திரமாகவே வளர்ந்திருக்கிறது. பறித்த கொழுந்தை ஆலையில் தொட்டியில் பரப்பி, கீழிருந்து விசிறியால் காற்றூட்டி, ஈரப்பதம் பார்த்து மணிக்கணக்காக வாட்டுகிறார்கள். காற்று கூடினாலும் குறைந்தாலும் தேயிலை கெடும்; ஏன் கெட்டது என்று கேள்வி கேட்பார்கள். அதே தோட்டத்து லயக் காம்பராவில் ஒரு யன்னல் இருந்தாலே அதிர்ஷ்டம். கொழுந்துக்கு அளந்த காற்று, கொழுந்து பறித்தவருக்கு வந்த காற்று.

முடிபு

துவாரத்தை அடைக்காதீர்கள், திருப்புங்கள். கசிவை நிறுத்துங்கள். இவ்வளவும் முகமூடியால் ஆகும். பத்தடிக் காம்பராவில் இருவர் விலகிப் படுக்க இடம் தருவது எந்த முகமூடியாலும் ஆகாது. அதற்கு அரசியல் மேடைகளில் தருவதாகச் சொல்லிவரும் காணியும் தனி வீடும் கைக்கு வந்து சேர வேண்டும்.