பதினாறும் பெறாதவர்கள்

கல்யாண வீட்டில் பெரியவர்கள் அட்சதை போட்டு, "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க" என்பார்கள். அந்தப் பதினாறு என்னென்ன என்று கேட்டால் வாழ்த்தியவர்களே விரல்விட்டு எண்ணத் தடுமாறுவார்கள். எங்கள் அலுவலகத்தில் அந்தக் குழப்பம் கிடையாது. ஜூன் 15 நெருங்கினால் மனிதவளத் துறையிலிருந்து மின்னஞ்சல் வந்துவிடும். ஊழியர்களுக்குப் படிவம் 16. எனக்குப் படிவம் 16ஏ.

ஓர் எழுத்துதான் கூடுதல். ஆனால் தமிழில் 'ஏ' வெறும் எழுத்தில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடத் தேவையில்லாத ஆளைக் கூப்பிடும் சொல். "ஏ, இங்க வா."

படிவம் 16 சம்பளத்தில் பிடித்த வரிக்கு. 16ஏ சம்பளம் அல்லாத மற்றவற்றில் பிடித்த வரிக்கு. ஆகவே மாதாமாதம் நான் வாங்கும் 60,000 ரூபாய் சம்பளம் இல்லை, தொழில்முறைக் கட்டணம். வருமான வரிச் சட்டப்படி 10 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறார்கள். நான் ஊழியன் இல்லை, ஆலோசகர். நான்கு வருடத்தில் நான் சொன்ன ஆலோசனை ஒன்றே ஒன்றுதான்: ஏசியைக் கொஞ்சம் குறைக்கலாம். ஏற்கப்படவில்லை.

மென்பொருளில் பிழை தேடுவது என் வேலை. பிழை தேடிப் பிழைக்கிறேன். நான் ஊழியன் என்பது அந்த அலுவலகத்தில் என் கட்டைவிரலுக்கு மட்டும் தெரியும். காலை ஒன்பதரைக்குள் அது இயந்திரத்தில் பதிய வேண்டும். மூன்று நாள் தாமதமானால் அரை நாள் பிடித்தம். கழுத்தில் கம்பெனி அட்டை, மேசையில் கம்பெனி லேப்டாப். அமெரிக்காவிலிருந்து வாடிக்கையாளர் வந்தால் மேலாளர் என் தோளில் கைபோட்டு "நம்ம டீம்" என்பார். பி.எஃப். அலுவலகத்திலிருந்து யாராவது வந்தால், அந்தத் தோள் யாருடையது என்றே அவருக்கு நினைவிருக்காது.

ஒப்பந்தம் பதினோரு மாதம். சென்னையில் வீடும் பதினோரு மாதக் கணக்கில்தான் கிடைக்கிறது, ஆளும் அப்படியே. என்ன, வீட்டுக்காரர் முன்பணம் வாங்கிக்கொண்டாவது சாவியைக் கொடுக்கிறார்.

முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் கேட்டேன், ஏன் இப்படி என்று. மனிதவளத் துறைப் பெண் மிகவும் கனிவாகச் சொன்னார்: "சார், டாக்ஸ்ல உங்களுக்குத்தான் சார் லாபம். செக்ஷன் 44ஏடிஏ போட்டீங்கன்னா பாதியத்தான் வருமானம்னு காட்டணும்."

பிழை தேடுகிறவன் கணக்குப் பார்க்காமல் இருப்பானா? என் வருட வரவு 7,20,000. பாதி 3,60,000. வரி பூஜ்யம். இதே தொகையைச் சம்பளமாக வாங்கினால்? 2025-26 நிதியாண்டிலிருந்து, புதிய முறையில் சம்பளக்காரருக்கு 12,75,000 வரை வரி கிடையாது. அதுவும் பூஜ்யம். ஆக என் லாபம், பூஜ்யத்திலிருந்து பூஜ்யத்தைக் கழித்தால் வருவது. இடையில் என்னுடைய 72,000 ரூபாய் அரசாங்கத்தோடு காசி யாத்திரை போய்விட்டு, அடுத்த வருடம் ரீஃபண்டாகத் திரும்பி வருகிறது. கம்பெனிக்கு என்ன மிச்சம்? பி.எஃப்.பில் முதலாளியின் பங்கை 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு மட்டும் கட்டினாலும் மாதம் 1,800. நான்கு வருடத்துக்கு 86,400. பணிக்கொடை, விடுப்பு, வேலையை விட்டு அனுப்பும்போது தரவேண்டியது எல்லாம் தனி. உங்களுக்குத்தான் லாபம் என்று அந்தப் பெண் சொன்னபோது 'உங்களுக்கு' என்று யாரைச் சொன்னார் என்பதை நான் விசாரித்திருக்க வேண்டும்.

யார் ஊழியர், யார் தனித்தொழில் செய்பவர் என்ற கேள்வி புதிதில்லை. கட்ச் ரண் உப்பளங்களில் வேலை பார்த்த அகரியாக்கள் வழக்கு 1956-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அவர்களுக்கு வேலை நேரம் கிடையாது, வருகைப் பதிவேடு கிடையாது. பெண்டு பிள்ளைகளோடு பாத்தி கட்டினார்கள், வேண்டுமானால் கூலிக்கு ஆளும் வைத்துக்கொண்டார்கள். விளைந்த உப்பை எடைபோட்டுக் காசு. இவர்கள் ஒப்பந்தக்காரர்கள் என்றது கம்பெனி. வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் மேற்பார்ப்பது கம்பெனிதான் என்று பார்த்த நீதிமன்றம், இவர்கள் தொழிலாளிகளே என்றது. 1973-இல் செகந்திராபாத் தையல்கடை வழக்கு. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிய, சிலசமயம் துணியை வீட்டுக்கே கொண்டுபோய்த் தைத்த தையல்காரர்களையும் ஊழியர்கள் என்றே தீர்ப்பளித்தார்கள்.

உப்பும் துணியும் அறிந்த சட்டம், படித்தவனிடம் வந்ததும் ஒப்பந்தத்தைப் படிக்க ஆரம்பித்துவிட்டது. மருத்துவமனை டாக்டர்களுக்குத் தருவது சம்பளம்தான், அதற்குரிய வரியைப் பிடி என்று வருமான வரித் துறை கிளம்பியது. தொழிலாளி மேல் பாசமில்லை; சம்பளம் என்றால் பிடித்தம் கூடுதலாக வரும். 2015-இல் புனே மருத்துவமனை ஒன்றின் வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம் மருத்துவமனை பக்கம் தீர்ப்பளித்தது. காரணங்கள் பல, அவற்றில் ஒன்றுதான் என் தொழில்புத்தியைச் சீண்டியது. அந்த டாக்டர்களுக்குப் பி.எஃப். இல்லை, பணிக்கொடை இல்லை, ஆகவே அவர்கள் ஊழியர்கள் இல்லை. சரி, ஏன் பி.எஃப். இல்லை? ஊழியர்கள் இல்லை, அதனால். இப்படி ஒரு நிரலை நான் பார்த்தால் 'முடிவில்லாச் சுழற்சி' என்று எழுதி அன்றைக்கே திருப்பி அனுப்புவேன். சோறு போடாததால் நீ விருந்தாளி இல்லை, விருந்தாளி இல்லாததால் உனக்குச் சோறு இல்லை. டாக்டர்களுக்கு மாலையில் சொந்த கிளினிக் உண்டு, பசிக்காது. அந்த வாதத்தை அப்படியே எடுத்து அறுபதாயிரம் வாங்குகிறவன் தட்டைக் கவிழ்க்கிறார்கள்.

அரசாங்கம் தட்டிக் கேட்குமா? அரசுக் கல்லூரியில் நாள் முழுக்க வகுப்பெடுப்பவருக்குக் கௌரவ விரிவுரையாளர் என்று பெயர் வைத்த அரசாங்கம் அது. ஊதியத்தில் குறைத்ததைக் கௌரவத்தில் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. உணவு கொண்டுவரும் பையனுக்கு அதில் இலக்கணம் எழுதியிருக்கிறார்கள்: வழக்கமான முதலாளி தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்து சம்பாதிப்பவர். இவ்வளவு நாளும் வாசலுக்கு வெளியே நின்றான். இப்போது அந்த இடத்துக்குப் பட்டா கொடுத்துவிட்டார்கள்.

என் பக்கத்து மேசையில் ஒரு பெண் இருந்தாள். அவளும் ஆலோசகர். ஏழாம் மாதம் வளைகாப்பு. மேலாளர் குடும்பத்தோடு வந்து ஐந்து வகைச் சாதமும் சாப்பிட்டு, ஆறாவதாக எலுமிச்சைச் சாதம் இருக்கிறதா என்று கேட்டார். அடுத்த வாரம் அவளுடைய பதினோரு மாதம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. ஊழியராக இருந்தால் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. ஆலோசகர்களுக்குப் பிள்ளை பிறக்காதோ என்னவோ. நாங்கள் நாற்பது பேர் அன்றைக்கு அவள் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவதைத் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் பார்த்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கும் ஒன்பதாவது மாதம் நடந்துகொண்டிருந்தது, ஒப்பந்தத்தில்.

அதற்குப் பிறகுதான் அந்தத் தாளை முழுசாகப் படித்தேன். பதினான்காவது ஷரத்து: 'ஆலோசகர் தமக்குப் பதிலாகத் தகுதியுள்ள வேறொருவரை அனுப்பிப் பணியை நிறைவேற்றலாம்.' ஊழியன் என்றால் அவனேதான் வந்து உழைக்க வேண்டும். ஆளை மாற்றி அனுப்பலாம் என்றால் ஊழியன் இல்லை. நாளை ஏதாவது நீதிமன்றம் கேட்டால் நீட்டுவதற்காக எந்த வக்கீலோ பார்த்துப் பார்த்துச் செருகிய வரி.

போன மாதம் அம்மாவுக்குக் கண்புரை அறுவை. என் சித்தப்பா மகனும் இதே வேலைதான், என்னைவிடக் கெட்டிக்காரன். ஒப்பந்தத்தின் நகலைக் கையில் கொடுத்து, என் இடத்துக்கு அவனை அனுப்பிவைத்தேன். வாசலில் காவலாளி மறித்தார். "யாருப்பா நீ?" அவன் பதினான்காவது ஷரத்தைக் காட்டினான். காவலாளி அதைப் படிக்கவில்லை. அவரும் ஏதோ ஏஜென்சியின் ஆள்தான். மனிதவளத் துறைப் பெண் கீழே இறங்கி வந்து, அங்கிருந்தே எனக்குப் போன் போட்டார். அதே கனிவு.

"சார், அது சும்மா சார். அக்ரிமெண்ட்ல இருக்கும், அவ்ளோதான்."

மாதக் கடைசியில் கட்டணச் சீட்டு வந்தது. ஒரு நாள் பிடித்தம். காரணம்: முன் அனுமதி பெறாத விடுப்பு.