இன்குபேட்டருக்குக் குடல் இல்லை

கேள்வி: நாட்டுக்கோழிக் குஞ்சு குப்பையைக் கிளறியே வளர்ந்துவிடுகிறது. பொரிப்பகத்துக் குஞ்சுக்கு மட்டும் புரோபயாடிக் எதற்கு? எல்லாம் வியாபாரம்தானே?

பதில்: அந்தக் குப்பைதான் அதன் புரோபயாடிக்! அடைக்கோழியின் கீழ் பொரிந்த குஞ்சு, தாயின் எச்சம் பட்ட மண்ணைக் கொத்தியே தாயின் குடல் பாக்டீரியாக்களைப் பெற்றுவிடுகிறது. இன்குபேட்டர் 21 நாள் சூடு தரும். பாக்டீரியா தர அதனிடம் குடல் ஏது? அதில் பொரிந்த குஞ்சின் ஆளில்லாத குடலில், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப்போல, முந்துகிறவருக்கே இடம். முந்தியது சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி என்றால் ஆபத்து. 1971இல் பின்லாந்தின் கறிக்கோழிப் பண்ணைகளில் சால்மோனெல்லா பரவியதைத் தொடர்ந்து, நூர்மி, ரன்டாலா என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். வளர்ந்த கோழியின் குடலில் இருப்பதை முதலில் குஞ்சுகளுக்குக் கொடுத்து, பிறகு கிருமியைக் கொடுத்தார்கள். கிருமியால் எளிதில் காலூன்ற முடியவில்லை. 1973இல் ‘நேச்சர்’ இதழில் அதை வெளியிட்டார்கள். இடம் பிடிப்பதோடு வேலை முடிவதில்லை. குருட்டுக்குடலில் குடியேறிய பாக்டீரியாக்கள் தீவன மிச்சத்தைப் புளிக்கவைத்து அமிலங்களை உண்டாக்குகின்றன. சால்மோனெல்லாவின் பெருக்கத்தை அவை அடக்குகின்றன.

கேள்வி: அப்படியானால் பெரிய கோழியின் எச்சத்தையே கரைத்து வைக்கலாமே? தயிர் போதாதா?

பதில்: எச்சத்தை வைக்கவே வைக்காதீர்கள், ரத்தக் கழிச்சல் கிருமியும் அதோடு வந்து சேரும். நோயற்ற பறவையிடமிருந்து எடுத்து, ஆய்வகத்தில் வளர்த்து, நோய்க்கிருமி இல்லை என்று உறுதிசெய்த கலவைதான் பாதுகாப்பானது. தயிரில் இருப்பவை பாலில் வாழும் சில வகைகள். குருட்டுக்குடலிலோ காற்றுப் பட்டாலே செத்துப்போகும் வகைகள்தான் அதிகம். தயிர் கெடுதல் செய்யாது. ஆனால் அந்த வேலையைச் செய்யவும் அதனால் ஆகாது.

கேள்வி: கடையில் வாங்கிக் கொடுத்தும் பலன் தெரியவில்லையே?

பதில்: எப்போது கொடுத்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. பொரிந்த அன்றே, கிருமி நுழைவதற்குமுன் போக வேண்டும். நோய் கண்ட குஞ்சுக்கு அது மருந்தாகாது. அடுத்தது, எதில் கொடுத்தீர்கள்? குளோரின் கலந்த தண்ணீரில் ஊற்றினால் தொட்டியிலேயே பெரும்பகுதி செத்துப்போகும். குச்சித்தீவனம் தயாரிக்கும் சூட்டை லாக்டோபேசில்லஸ் தாங்குவது கடினம், பேசில்லஸ் வித்துகள் தாங்கும். எனவே புட்டியில் எந்த வகை என்று படித்துப் பாருங்கள். எல்லாவற்றையும்விட வருத்தம், குஞ்சு இறங்கிய முதல் நாளே ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று அதே தண்ணீரில் ஆன்டிபயாடிக்கையும் கலப்பது. காசு கொடுத்து வாங்கிய பாக்டீரியாவை, காசு கொடுத்து வாங்கிய மருந்தே கொன்றுவிடும்.