டிசபிலிட்டி பென்ஷனைக் கோட்டைவிட ஏழு எளிய படிகள்

பட்டாளத்துக்கு உடம்பைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறீர்கள். போளூரோ, செங்கமோ, திருவண்ணாமலை டவுனோ, எங்கே இருந்தாலும் இந்த முறை பலிக்கும். பாதிப் படிகளை ஏற்கெனவே முடித்திருப்பீர்கள். மீதியையும் குறை வைக்காமல் செய்யுங்கள்.

1. அடிபட்டால் மூச்சுவிடாதீர்கள்.
பனியில் சறுக்கி முதுகு பிடித்துக்கொண்டதா? "ஒண்ணும் இல்ல சாப்" என்று எழுந்து நடந்துவிடுங்கள். இன்ஜுரி ரிப்போர்ட் எழுதச் சொல்லாதீர்கள். தாளில் ஏறாத காயம் பிறகு எந்த போர்டின் கண்ணிலும் படாது.

2. மெடிக்கல் போர்டில் நெஞ்சை நிமிர்த்துங்கள்.
வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் வலி என்று முனகலாமா? குனியச் சொன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு தரையைத் தொடுங்கள். ஊனம் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றால் பொதுவாக அதற்கான தொகை கிடையாது. ஆகவே 19தான் உங்கள் இலக்கு.

3. எழுதிக் கொடுத்ததை வேதவாக்காகக் கொள்ளுங்கள்.
"சர்வீஸால் வந்ததும் அல்ல, சர்வீஸால் கூடியதும் அல்ல" என்று போட்டிருந்தால் தலையாட்டுங்கள். சர்க்கரை அம்மா வழி, பிரஷர் அப்பா வழி, மிச்சம் ஏழரைச் சனி என்று பங்கு பிரித்துவிடுங்கள். தரம்வீர் சிங் இப்படித் தலையாட்டவில்லை. வலிப்பு நோய் என்று வெளியே அனுப்பப்பட்டவர் அவர். ஆளெடுக்கும்போது நோய் பற்றிய குறிப்பு இல்லையென்றால் அது சர்வீஸில் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லையென்று நிரூபிப்பது அரசின் பாடு என 2013இல் உச்ச நீதிமன்றம் அவருக்குத் தீர்ப்பளித்தது. இதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

4. கணக்குப் பார்க்காதீர்கள்.
ஏழாவது சம்பளக் கமிஷன்படி 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். ஊனம் குறைந்தால் தொகையும் குறையும். அதில் ஒரு ஏற்றமும் உண்டு: 20 முதல் 49 வரை என்றால் 50 ஆகக் கணக்கு, 50 முதல் 75 வரை 75, அதற்கு மேல் 100. சர்வீஸ் முடித்து ஊனத்தோடு ஓய்வு பெற்றவருக்கும் இது பொருந்தும் என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் முடிவானது. உங்கள் பென்ஷன் ஆணையான பி.பி.ஓ.வில் எந்த எண் இருக்கிறது? பார்க்காதீர்கள், லேமினேட் போட்டு பீரோவில் பூட்டுங்கள். 2023 செப்டம்பர் 21 முதல் புது விதிகள் வந்துவிட்டன. பழையது யாருக்கு, புதியது யாருக்கு என்று பிரிக்காமல் பக்கத்து வீட்டு ஹவில்தாரின் கணக்கையே உங்களுடையதாக்குங்கள்.

5. மனைவியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.
100 சதவீத ஊனம், படுக்கையைவிட்டு எழ முடியாது என்று வைத்துக்கொள்வோம். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, ஊட்டுவது, ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கி உட்காரவைப்பது எல்லாம் அவர்தான். அவருக்கும் இடுப்பு விட்டுப்போனால் ஒரு தைலம் வாங்கிக் கொடுங்கள். எந்நேரமும் துணை வேண்டியவர் என்று மெடிக்கல் போர்டு பரிந்துரைத்தால் அதற்கென்று தனி அலவன்ஸ் உண்டு. ஏழாவது கமிஷனுக்குப் பின், 2017இல், அது மாதம் 6,750 ரூபாயானது. கேட்டுவிடாதீர்கள். பெண்டாட்டி செய்வதற்குக் கூலியா என்று ஊர் சிரிக்கும். ஃபைல் எங்கே இருக்கிறது என்பதையும் அவரிடம் சொல்லாதீர்கள். உங்களுக்குப் பிறகு குடும்ப பென்ஷனுக்கு அலைவது அவருக்கு நல்ல நடைப்பயிற்சி.

6. சரியான இடம் தவிர எல்லா இடத்திலும் முறையிடுங்கள்.
முழங்கால் போயிருந்தாலும் பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் போங்கள். இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டு சன்னிதியிலும் குறையைச் சொல்லுங்கள். பென்ஷன் ஆணை போடும் பிரயாக்ராஜ் அலுவலகத்துக்கு மட்டும் ஒரு வரிகூட எழுதாதீர்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வாசலை மிதிக்காதீர்கள். டீக்கடையில் அதைவிட விவரமானவர்கள் இருக்கிறார்கள். பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷின் பாஸ்வேர்டை பிரவுசிங் சென்டர் தம்பியிடம் கொடுத்துவையுங்கள். நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் கேட்டால் கார்த்திகை தீபக் கூட்டம் ஓயட்டும் என்று தள்ளிப்போடுங்கள். பென்ஷன் நின்ற பிறகு, உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஆற அமர நிரூபிக்கலாம்.

7. அவசரப்படாதீர்கள்.
பென்ஷன் மறுக்கப்பட்டால் முதல் அப்பீலுக்கு ஆறு மாதம். ஏழாவது மாதம் யோசிக்க ஆரம்பியுங்கள். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஆயுதப் படைகள் தீர்ப்பாயத்துக்குச் சென்னையிலேயே கிளை இருக்கிறது. எங்கே ஓடிவிடப்போகிறது? தர்சேம் சிங் உங்களுக்கு நல்ல முன்னோடி. 1983இல் உடல்நிலை காரணமாக வெளியே அனுப்பப்பட்டவர், 1999இல்தான் கோர்ட் ஏறினார். 16 ஆண்டு பாக்கியைத் தரச் சொன்னது உயர் நீதிமன்றம். மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டு போதும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் வெட்டியது. பதின்மூன்று ஆண்டுப் பணம் அரசுக்கு மிச்சம். அவரை நீங்கள் சுலபமாக மிஞ்சலாம்: மனுவே போடாதீர்கள், அந்த மூன்று ஆண்டும் மிச்சம்.